நிலைவாசலில் நின்றுபோகிற ஆராய்ச்சி

மோட்டாரில் ஓடும் பவர் வீல்சேரில் நீண்ட நடைபாதையைக் கடப்பது என் அண்ணனுக்கு ஒரு பொருட்டே இல்லை. நிலைவாசல்தான் கஷ்டம். இரண்டு பக்கமும் நாலு விரல் இடம்தான் இருக்கும். கை நடுங்குகிற நாளில், ஓட்டுவதற்கான பிடி, அதாவது ஜாய்ஸ்டிக், ஒரு நூல் பிசகினாலும் முழங்கால் கதவுச் சட்டத்தில் போய் இடிக்கும்.

இது அவர் ஒருவர் பிரச்சினை இல்லை. 2000இல் அமெரிக்காவில் சிகிச்சையாளர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், பவர் வீல்சேர் பயிற்சி பெற்றவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு அதை அன்றாடம் பயன்படுத்துவது மிகக் கடினம் அல்லது முடியாது என்று தெரிந்தது. திருப்புவதையும் நெருக்கமான இடத்தில் நகர்த்துவதையும் மட்டும் எடுத்துக்கொண்டால், அது 40 சதவீதம்.

நாற்காலியே சென்சார் வைத்து ஓட்டுகிறவருக்கு உதவும்படி செய்கிற வேலை 1990களிலேயே நடந்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய நேவ்சேர் என்ற வீல்சேர், எதிரொலியை வைத்துத் தூரத்தை அறியும் அல்ட்ராசோனிக் சென்சார்களால் தடைகளைக் கண்டு விலகியது. ஆனால் தடையைக் கண்டால் விலகு என்று சொல்லிக்கொடுத்த நாற்காலிக்குக் கதவுச் சட்டமும் ஒரு தடைதானே? வாசலுக்குள் நுழையாமல் ஒதுங்கிப்போகும். அதனால் வாசல் கடப்பதற்கென்றே தனியாக ஒரு முறையை வைக்க வேண்டியிருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. ஓட்டுகிறவர் மனதில் இருப்பதைப் புரிந்துகொள்ளாத இயந்திரம் எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும் உதவாது. சாப்பிட உட்கார மேஜையை ஒட்டிப் போக வேண்டும். சென்சாருக்கு மேஜையும் சுவரும் ஒன்றுதான்.

அப்புறம் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ மாதிரிகள் வந்தன. பிரான்சும் இங்கிலாந்தும் ஐரோப்பிய நிதியில் கோலாஸ், அடாப்ட் என்று கூட்டுத் திட்டங்கள் நடத்தின. பொறியாளர்களோடு மறுவாழ்வு மருத்துவத் துறையினரும் சேர்ந்து உட்கார்ந்த திட்டங்கள் என்பதால் இவற்றை மதிக்கிறேன்.

ஆனாலும் ஒவ்வொரு குழுவும் முதல் படியிலிருந்தே ஏற வேண்டியிருக்கிறது. பவர் வீல்சேரின் ஜாய்ஸ்டிக்கும் மோட்டார் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் மொழியைப் பெரும்பாலான கம்பெனிகள் வெளியே சொல்வதில்லை. ஆராய்ச்சியாளர்கள் ஜாய்ஸ்டிக் வயரில் குறுக்கே புகுந்து, சிக்னலை ஊகித்துத் தங்கள் கணினியை இணைக்கிறார்கள். நாற்காலி மாடல் மாறினால் மறுபடி அதே வேலை. ரோபோ மென்பொருளில் ராஸ் (ROS) என்ற பொதுத் தளம் 2007 முதல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. வீல்சேருக்கும் அப்படி ஒரு பொது இணைப்பு வேண்டும். நாடுகள் சேர்ந்து செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்பேன், புது நாற்காலி இல்லை.

அடுத்தது சோதனை. லேசர் சென்சார் கண்ணாடிக் கதவை ஊடுருவிப் போய்விடும். அங்கே ஒன்றுமே இல்லை என்று நாற்காலி நினைக்கும். கடும் வெயிலில் இன்ஃப்ராரெட் குழம்பும். கீழே இறங்கும் படி, முன்னால் பார்க்கிற சென்சாருக்குத் தெரியாது. கண்ணாடி, வெயில், படி இவற்றில் எங்கே எப்படித் தோற்றது என்பதை எல்லாக் குழுக்களும் ஒரே இடத்தில் பகிர்ந்துகொண்டாலே பல வருடம் மிச்சமாகும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய 2006 ஐ.நா. உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு, ஆராய்ச்சியில் நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. கடைசி மாதத்தில் கூப்பிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்வது கூட்டாளி ஆக்குவது ஆகாது. திட்டம் எழுதும் நாளிலேயே அவர்கள் அந்த அறையில் இருக்க வேண்டும். நிதி முடிந்த பிறகு அந்த நாற்காலியைப் பழுது பார்ப்பது யார் என்ற கேள்வியை அங்கே முதலில் கேட்கப்போவதும் அவர்கள்தான்.