600 ஓமைப் பார்த்து ஏன் பயப்படுகிறீர்கள்?

நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கி முடித்ததும் எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி, "இதுக்கு எந்த ஆம்ப் செட் ஆகும்?" ஆம்ப் என்றால் ஹெட்ஃபோனை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர். கேட்பதில் தப்பில்லை. வரும் பதில்கள்தான் தலைசுற்ற வைக்கின்றன. "எச்டி 800 கொஞ்சம் கூர்மையா இருக்கும், வார்மான ஆம்ப் போடுங்க." "ஆடிஸி இருட்டா இருக்கும், பிரைட்டான ஆம்ப் போட்டா சரியாயிடும்." "பிளேனார்னா கட்டாயம் கிளாஸ் ஏ." (எச்டி 800 சென்ஹைசரின் ஹெட்ஃபோன், ஆடிஸி ஒரு ஹெட்ஃபோன் நிறுவனம். பிளேனார் என்பது தட்டையான மென்படலம் காந்தங்களுக்குப் பக்கத்தில் அதிரும் ஹெட்ஃபோன் ரகம், கிளாஸ் ஏ ஒரு வகை ஆம்ப்.) இப்படி அடித்துச் சொல்பவர்களிடம் எத்தனை வோல்ட், எத்தனை மில்லிஆம்பியர் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே "காதால கேட்டாத்தான் புரியும்" என்ற இடத்துக்குப் போய்விடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்ப் பொருத்தம் என்பது மின்சாரக் கணக்கு. போதிய வோல்டேஜ், போதிய கரன்ட், குறைந்த அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்ப்புக்கு உள்ளேயே இருக்கும் மின்தடை), காதில் விழாத அளவு இரைச்சல். இவ்வளவும் சரியாக இருந்தால் பொருத்தம் முடிந்தது. ஹெட்ஃபோனின் குணம் ஹெட்ஃபோனில் இருக்கிறது. அதை ஒரு ஆம்ப் மாற்றுகிறது என்றால் அந்த ஆம்ப் டோன் கன்ட்ரோல் வேலை பார்க்கிறது என்று அர்த்தம். அது வேண்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைப் பொருத்தம் என்று சொல்ல வேண்டாம்.

தலைப்புக்கு வருகிறேன். பேயர்டைனமிக் டிடி 880 என்ற பழைய, அருமையான ஹெட்ஃபோன் 32, 250, 600 ஓம் இம்பீடன்ஸ் (மின்தடை) என்று பல வடிவங்களில் வந்தது. 600 ஓம் என்று பார்த்ததும் "அய்யோ, இதுக்குப் பெரிய ஆம்ப் வேணுமே" என்று பின்வாங்குபவர்கள் நிறைய. அதே ஆட்கள் ஹைஃபைமேன் சுஸ்வாராவின் 60 ஓமைப் பார்த்தால் "பரவால்லையே, பத்தில் ஒரு பங்குதானே" என்று நினைக்கிறார்கள்.

கணக்கைப் போடுவோம். டிடி 880 600 ஓமின் சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் என்ற எண், ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். இசையின் உச்சத்தில் 110 டெசிபல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். (உச்சம் என்றால் நொடிப்பொழுது வந்துபோகும் அடி. சராசரி அதற்குப் பதினைந்து, இருபது டெசிபல் கீழேதான் இருக்கும்.) இன்னும் 14 டெசிபல் ஏற வேண்டும், அதாவது சுமார் 25 மில்லிவாட். 600 ஓமில் அது 3.9 வோல்ட், கரன்ட் வெறும் 6.5 மில்லிஆம்பியர். சுஸ்வாராவுக்கு ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபல்தான். அதே 110க்கு 27 டெசிபல் ஏற வேண்டும். சுமார் 500 மில்லிவாட், 5.5 வோல்ட், 90 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல். பவரில் இருபது மடங்கு, கரன்ட்டில் பதினான்கு மடங்கு! இம்பீடன்ஸை மட்டும் பார்த்து ஆம்ப் தேடுபவர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். போனில் செருகும் குட்டி டாங்கிளைச் சுஸ்வாராவுக்குக் கொடுப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இன்னும் பயங்கரமான ஆசாமி வேண்டுமென்றால் ஏகேஜி கே1000. காதை மூடாமல், காதுக்குப் பக்கத்தில் கதவு மாதிரித் திறந்து நிற்கும் வினோதப் பிறவி. 120 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 74 டெசிபல். அதே 110க்கு நான்கு வாட். அதை ஸ்பீக்கர் ஆம்ப்பில் மாட்டிக் கேட்டார்கள் என்பதில் ஆச்சரியமே இல்லை.

சென்சிடிவிட்டி எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று போடும், சில ஒரு வோல்ட்டுக்கு இத்தனை என்று போடும். 32 ஓம் ஹெட்ஃபோனில் இந்த இரண்டு எண்களுக்கும் இடையே 15 டெசிபல் வித்தியாசம் வரும். சென்ஹைசர் எச்டி 650க்கு 103 டெசிபல் என்று போட்டிருப்பது ஒரு வோல்ட்டுக்கு. மில்லிவாட் கணக்கில் அது சுமார் 98தான். அலகைப் பார்க்காமல் எண்களை ஒப்பிட்டு "இது ஈஸி, அது கஷ்டம்" என்று தீர்ப்பு சொல்வது வீண் வேலை.

ஆம்ப் பெட்டியில் அச்சடித்த வாட்டும் இதே கதைதான். "32 ஓமில் 2 வாட்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சின்னதாக, 300 ஓமில் 213 மில்லிவாட். பவர் சரிந்துவிட்டது என்று மனம் பதறும். இரண்டுமே அதே 8 வோல்ட்தான். அந்த 8 வோல்ட்டில் எச்டி 650 121 டெசிபல் வரை போகும், காதுக்கு அது ஆபத்து. அதனால் வாட்டை ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஆம்ப் அதிகபட்சம் எத்தனை வோல்ட் தரும், எத்தனை மில்லிஆம்பியர் தரும் என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்வேன். ஓம் அதிகமான டைனமிக் ஹெட்ஃபோனுக்கு (காந்தமும் காயிலும் கொண்ட வழக்கமான ரகம்) வோல்டேஜ்தான் முதலில் தீரும், சென்சிடிவிட்டி குறைந்த பிளேனாருக்குக் கரன்ட்.

பவர் பற்றாவிட்டால் எப்படிக் கேட்கும்? ஒலி சின்னதாகக் கேட்பது ஒன்று. அதைவிட முக்கியம், உச்சங்கள் வெட்டுப்படுவது. 'டம்' என்று விரிய வேண்டிய டிரம் அடி 'டக்' என்று தட்டையாகி, அதன் ஓரத்தில் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொள்ளும். இது நிஜம், அளக்கவும் முடியும். ஆனால் "மெதுவான வால்யூம்லயும் பெரிய ஆம்ப்தான் ஹெட்ஃபோனைத் திறந்து விடும்" என்கிறார்களே, அதை நான் ஏற்கமாட்டேன். சின்ன ஆம்ப் தன் எல்லைக்குள் இருக்கும்வரை அங்கே திறப்பதற்கு ஒன்றுமில்லை. ஒலி குறைந்தால் பேஸ் மெலிந்து கேட்பது நம் காதின் இயல்பு. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே வரைபடம் போட்டுக் காட்டிய விஷயம் இது. பெரிய ஆம்ப்பில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகம், குமிழை அதே இடத்தில் வைத்தாலும் ஒலி கூடுதலாக வரும், பேஸும் கூடவே வந்துவிடும். அவ்வளவுதான் நடந்தது.

அப்புறம் அவுட்புட் இம்பீடன்ஸ். உண்மையிலேயே ஆம்ப்புக்கு ஆம்ப் ஒலி மாறும் இடம் இதுதான். ஆனால் இதைப் பற்றித்தான் ரொம்பக் குறைவாகப் பேசுகிறார்கள்.

ஆம்ப்பின் அவுட்புட்டில் ஒரு ரெசிஸ்டர் தொடராக உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனும் அதுவும் வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் ஒரே மாதிரி இருந்தால் மொத்த ஒலியும் சமமாகக் குறையும், குமிழைக் கொஞ்சம் திருப்பினால் சரி. பிளேனார்கள் கிட்டத்தட்ட இந்த ரகம். டைனமிக் டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) அப்படியில்லை. எச்டி 650ஐ 300 ஓம் என்கிறோம், ஆனால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில், டிரைவரின் இயல்பு அதிர்வில், அது சுமார் 500 ஓம் வரை ஏறும். 120 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் உள்ள ஆம்ப்பில் மாட்டினால் அந்த இடத்தில் மற்ற இடங்களைவிட ஒரு டெசிபல் கூடுதலாக வரும். "ட்யூப் ஆம்ப்ல பேஸ் நல்லா உருண்டு வருது" (ட்யூப் என்றால் பழைய வால்வு) என்பதில் பெரும்பங்கு இந்த ஒரு டெசிபல் மேடுதான் என்பது என் சந்தேகம்.

அதே வேலையை பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற குட்டி டிரைவர் கொண்ட இயர்ஃபோனில் செய்து பாருங்கள். ஓர் இடத்தில் 8 ஓம், இன்னோர் இடத்தில் 40 ஓம் என்று இம்பீடன்ஸ் மேலும் கீழும் ஆடும் இயர்ஃபோன்கள் சாதாரணம். அவற்றுக்கு வெறும் 10 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் போதும், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 5 டெசிபல் பள்ளம் விழும். வடிவமைத்தவர் நினைத்த ஒலி அங்கே கிடையாது, அது வேறு இயர்ஃபோன். "இந்த ஐஇஎம் என் பிளேயர்ல அருமை, உன் பிளேயர்ல மோசம்" (ஐஇஎம் என்றால் காதுக்குள் செருகும் இயர்ஃபோன்) என்று இரண்டு பேர் சண்டை போட்டால் பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

1996ல் வந்த ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 61938 தரநிலை ஹெட்ஃபோன் அவுட்புட்டுக்கு 120 ஓம் என்றே பரிந்துரைத்தது என்றால் இன்று பலர் நம்ப மாட்டார்கள். பழைய ரிசீவர்கள் பலவற்றில் ஸ்பீக்கர் ஆம்ப்பின் அவுட்புட்டையே ஒரு ரெசிஸ்டர் வழியாக ஹெட்ஃபோன் ஜாக்குக்குக் கொடுத்திருப்பார்கள். இப்போதைய விதி, ஹெட்ஃபோன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் அவுட்புட் இம்பீடன்ஸ் இருக்க வேண்டும் என்பது. இதைப் பரப்பியதில் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் எழுதிய பொறியாளருக்குப் பெரிய பங்கு உண்டு. 2011ல் ஓ2 என்ற ஆம்ப்பின் வரைபடத்தை அளவீடுகளோடு இலவசமாக வெளியிட்டார், மறுவருடமே எழுதுவதை நிறுத்திவிட்டுக் காணாமல் போனார். யார் என்று அவர் சொல்லவே இல்லை. அவர் பேச்சில் காரம் அதிகம். ஆனால் ஆம்ப் என்றால் அளந்து காட்டு என்ற பழக்கம் வந்ததில் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பேன். எட்டில் ஒரு பங்கைத் தாண்டிக் கீழே போய் 1 ஓமா 0.1 ஓமா என்று அடித்துக்கொள்வதில் மட்டும் பொருளில்லை. 300 ஓம் ஹெட்ஃபோனின் காயிலிலேயே 300 ஓம் பக்கம் தொடராக இருக்கிறது, அதன் முன்னால் இந்தப் பின்னம் எம்மாத்திரம்?

இரைச்சல் பற்றிச் சுருக்கமாக. ஆம்ப்பை ஆன் செய்து, பாட்டு எதுவும் போடாமல், இயர்ஃபோனைக் காதில் செருகிப் பாருங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்டால் அந்த ஆம்ப் அந்த இயர்ஃபோனுக்கு வேண்டாம். சுஸ்வாராவுக்காகக் கட்டிய பூதத்தில் இயர்ஃபோனைச் செருகினால் இன்னொரு தொல்லையும் உண்டு. குமிழை முள்ளளவு நகர்த்தியதுமே ஒலி போதுமாகிவிடும். அந்த ஆரம்ப இடத்தில் சாதாரண வால்யூம் கன்ட்ரோல்கள் இடது வலது சமமாக இருக்காது, பாடகர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார். கெயின் ஸ்விட்ச் இருந்தால் லோவில் வையுங்கள். பலர் ஹையில் போட்டுவிட்டு "பஞ்ச் கூடியிருக்கு" என்கிறார்கள். கூடியது டெசிபல்.

பேலன்ஸ்டு அவுட்புட் (ஒவ்வொரு காதுக்கும் எதிரெதிரான இரண்டு சிக்னல்கள் போகும் இணைப்பு) விஷயத்திலும் இதுதான். 4.4 மில்லிமீட்டர் ஜாக்குக்கு மாறியதும் மேடை (இசை பரந்து ஒலிப்பதாகத் தோன்றும் வெளி) விரிந்தது, கருவிகள் பிரிந்தன என்று எழுதுவார்கள். பல ஆம்ப்களில் பேலன்ஸ்டில் வோல்டேஜ் இரட்டிப்பாகும், அதாவது குமிழைத் தொடாமலேயே 6 டெசிபல் கூடுதல். சத்தமாக இருப்பது நன்றாக இருப்பதாகத் தோன்றும், எல்லோர் காதுக்கும். நிஜமாகவே வோல்டேஜ் பற்றாத ஹெட்ஃபோனுக்கு பேலன்ஸ்டு உதவும், மறுக்கவில்லை. மற்றபடி ஒப்பிட வேண்டும் என்றால் முதலில் ஒலியைச் சமப்படுத்துங்கள். 300 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டியபடியே, சாதாரண மல்டிமீட்டரில் ஏசி வோல்டேஜை அளந்தால் போதும். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவான மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் பொய் சொல்லும். இரண்டு ஆம்ப்பும் ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் வந்தால் 0.1 டெசிபலுக்குள் வந்துவிட்டது. அதன்பிறகு எது எது என்று தெரியாமல் வேறு யாரையாவது மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மேடை எவ்வளவு விரிகிறது என்று அப்போது பார்க்கலாம்.

1985ல் பாப் கார்வர் என்ற ஆம்ப் வடிவமைப்பாளர் ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு சவால் விட்டார். நீங்கள் எந்த ஆம்ப்பைத் தேர்ந்தெடுத்தாலும் என் டிரான்சிஸ்டர் ஆம்ப்பை அதேபோல் ஒலிக்க வைக்கிறேன் என்றார். அவர்கள் விலையுயர்ந்த ட்யூப் ஆம்ப் ஒன்றைக் கொடுத்தார்கள். கார்வர் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, இரண்டு ஆம்ப்களின் அவுட்புட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் வருவதைக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் பத்திரிகை ஆசிரியர்களாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அது ஸ்பீக்கர் ஆம்ப் என்றாலும் ஹெட்ஃபோனுக்கும் இதே பாடம்தான். ட்யூப் ஒலி என்று நாம் சொல்வதை அளக்கலாம், நகலும் எடுக்கலாம்.

எச்டி 800க்கு வார்மான ஆம்ப் என்ற யோசனையையும் பார்த்துவிடுவோம். அந்த ஹெட்ஃபோனில் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு, ஊரறிந்த விஷயம். அதை அடக்கத்தான் பின்னால் வந்த எச்டி 800 எஸ்ஸில் ஒலியை உறிஞ்சும் அமைப்பு ஒன்றை வைத்தார்கள். அந்த மேட்டை எந்த ஆம்ப்பும் தேடிப்போய் மட்டம் செய்யாது. ஈக்வலைசரில் அதே இடத்தில் நாலைந்து டெசிபல் குறையுங்கள், ஒரு நிமிட வேலை. ஆம்ப் மேல் ஆம்ப் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஈக்வலைசரைத் தொட மாட்டேன், அது சுத்தமில்லை என்பார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுமை போய்விடும்.

ஸ்டாக்ஸ் மாதிரி எலக்ட்ரோஸ்டாடிக் ரகம் தனி உலகம். 580 வோல்ட் பயாஸ் (டிரைவரில் எப்போதும் நிற்க வேண்டிய மின்னழுத்தம்) தரும் அதற்கே உரிய ஆம்ப் வேண்டும், ஜாக்கும் வேறு. மற்ற ஆம்ப்போடு அங்கே பேச்சே இல்லை.

இவ்வளவு பேசும் என்னிடமும் ஓடிஎல் ட்யூப் ஆம்ப் ஒன்று இருக்கிறது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, அவுட்புட் இம்பீடன்ஸ் எக்கச்சக்கம். எச்டி 650க்கு அது தரும் பேஸ் மேடும் லேசான டிஸ்டார்ஷனும் எனக்குப் பிடிக்கும், பிடிக்கும் என்பதற்கு மேல் அதற்கு நியாயம் எதுவும் கற்பிப்பதில்லை. அதில் 60 ஓம் பிளேனாரை மாட்டினால் வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கு ஆம்ப்புக்குள்ளேயே போய்விடும். வீட்டுக்கு வருபவர்கள் ஆசையாக ஐஇஎம்மை அதில் செருகப் போகிறார்கள் என்று, ஜாக்குக்கு மேலே "300 ஓமுக்குக் கீழே அனுமதி இல்லை" என்று ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன்.