போட வழி உண்டு, எடுக்க வழி இல்லை

சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, நாமே கம்பைல் செய்த மென்பொருளை லினக்ஸில் நிறுவ 'மேக் இன்ஸ்டால்' என்று ஒரே வரி. நீக்க? 'மேக் அன்இன்ஸ்டால்' அடித்தால் அப்படி ஒரு விதியே இல்லை என்று பல நேரம் பதில் வருகிறது. பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

மென்பொருள்களைப் போட்டு எடுக்கும் கருவியான ஆப்ட்டிடம் கேட்டுப் பயனில்லை; அதன் பதிவேட்டில் ஏறாமல்தானே எல்லாம் யூஎஸ்ஆர் லோக்கல் கோப்புறைக்குள் போனது. இயங்கும் கோப்பு ஒரு பக்கம், நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரி ஒரு பக்கம், கம்பைல் செய்யத் தேவைப்படும் ஹெடர்கள் வேறொரு பக்கம். எது எதனுடையது என்று அங்கே எங்கும் எழுதியிருக்காது. அப்படிக் கிடக்கும் பழைய லைப்ரரி, டிஸ்ட்ரோ (நாம் போட்டிருக்கும் லினக்ஸ் தொகுப்பு) தரும் புதியதை முந்திக்கொண்டு லோடாகி, சம்பந்தமே இல்லாத வேறொரு நிரலைக் கவிழ்க்கும். காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

இத்தனைக்கும் நீக்கும் வழியும் இருக்க வேண்டும் என்று குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் நிரல்களுக்கான விதிமுறையே சொல்கிறது. மேக் விதிகளை உருவாக்கும் கருவியான ஆட்டோமேக் அதைத் தானாகவே எழுதித் தருகிறது. அதே போன்ற இன்னொரு கருவியான சீமேக் தருவதில்லை, நிறுவிய கோப்புகளின் பட்டியலை, கம்பைல் நடந்த பில்ட் கோப்புறையில் போட்டுவைப்பதோடு சரி. கோப்புறையை அழித்தால் பட்டியலும் போச்சு. (அதை யார் ஆண்டுக்கணக்கில் பாதுகாத்து வைப்பார்கள்?) நிறுவும் முறையை ரீட்மீயில் பத்தி பத்தியாக விளக்குகிறவர்கள், நீக்குவதற்கும் ஒரு வரி எழுதினால் என்ன?