பொரி உருண்டை தண்டனையா?

நவம்பர் 14 அன்று எங்கள் குடியிருப்பின் குழந்தைகள் தின விழாவில் கேக், கோலாவுக்குப் பதிலாகப் பொரி உருண்டை தந்தது இங்கே பலருக்குத் தெரியும். "குழந்தைகள் தினத்தில் குழந்தைகளுக்கே தண்டனை" என்று அதைப் பற்றி ஒருவர் போட்ட குரல் பதிவை நானும் கேட்டேன். இரண்டு நாள் பொறுத்தேன். இனி முடியவில்லை.

கிரீம் கேக்கும் கோலாவும் வேண்டாம் என்றது நான்தான். ஆனால் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கார்த்திகை நெருங்குகிறதே என்று பொரி உருண்டை பிடிக்க வைத்தேன். பாகு ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் ஒவ்வொரு உள்ளங்கையிலும் அரிசி மாவு தடவிவிட்டேன். ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு மூன்று முறை உதிர்ந்துபோனது. நான்காவது முறை நின்றது. அதைத் தின்னாமல் எல்லோரிடமும் காட்டிக்கொண்டே அலைந்தான். இதுவா தண்டனை?

"ஒரு நாள்தானே" என்கிறார்கள். ஒரு நாள் என்றால் நானும் வாய் திறக்கமாட்டேன். தீபாவளி, பிறந்தநாள்கள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று எண்ணிப் பாருங்கள். கால் லிட்டர் கோலாவில் ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி சர்க்கரை. அதைத் தண்ணீரில் கரைத்து உங்கள் பிள்ளைக்கு நீங்களே கொடுப்பீர்களா? 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற நச்சுச் சாயத்தால் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது பதறியவர்கள்தானே நாம்?

"வெல்லமும் சர்க்கரைதானே?" ஆமாம், சர்க்கரைதான். அதனால்தான் ஆளுக்கு இரண்டே உருண்டை, அதிலும் தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் தாராளமாக.

என் ஆச்சி பாகுப் பதம் பார்ப்பதைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவாள். அதை உருட்டித் தட்டில் போட்டால் 'ணங்' என்று கேட்க வேண்டும். கேட்டதும் நாங்கள் கூச்சல் போடுவோம். அந்த உருண்டையின் ருசி மறந்துவிட்டது. அந்த 'ணங்' மறக்கவில்லை. பிள்ளைகளின் சந்தோஷம் கையில் இருக்கிறது, சர்க்கரையில் இல்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"காசை மிச்சம் பிடித்துவிட்டார்" என்றதுதான் தாங்கவில்லை. பொரி, வெல்லம், நெய் எல்லாமே என் கைக்காசு. விழாப் பணத்தில் ஒரு ரூபாய் தொடவில்லை. கணக்கு வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

அந்தக் குரல் பதிவைப் போட்டவருக்கு ஒன்று. உங்கள் மகள் தன் பங்கில் ஒன்றைத் தின்றுவிட்டு, மற்றதை "அம்மாவுக்கு" என்று சொல்லித் தாளில் பொதிந்து எடுத்துப் போனாள். அவளே பிடித்த உருண்டை அது. பேசுவதற்கு முன் அதைச் சாப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.