டல்ஹவுசிக்கு மகன் இல்லை

மகன் இல்லாத ராஜாக்களின் நாடுகளைப் பறித்த டல்ஹவுசி பிரபுவுக்கே ஆண் வாரிசு இல்லாமல் போனதை ‘கர்மா’ என்று எழுதி ஒரு படம் சுற்றுகிறது. எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். படிக்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் கதையில் பாதிதான் அதில் இருக்கிறது.

டல்ஹவுசியின் ராம்சே குடும்பம் ஸ்காட்லாந்துக்காரர்கள். எடின்பரோவுக்குத் தெற்கே டல்ஹவுசி கோட்டை. 1633 முதல் டல்ஹவுசி எர்ல் என்ற பரம்பரைப் பிரபு பட்டம் இவர்களுடையது. நம் ஆள் ஜேம்ஸ் 1838 இல் பத்தாவது எர்ல் ஆனார், 1848 இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். பஞ்சாபைப் பிடித்த கையோடு, 1849 இல் எர்லுக்கு ஒரு படி மேலான மார்க்வெஸ் பட்டமும் கிடைத்தது. அந்தப் புதுப் பட்டம் அவருக்குப் பின் அவர் பெற்ற ஆண்பிள்ளைகளின் வழிக்கு மட்டும்தான்.

அதே காலத்தில்தான் சதாரா, ஜான்சி, நாக்பூர் என்று வரிசையாக விழுங்கினார். ராஜாவுக்குச் சொந்த மகன் இல்லையா, தத்துப்பிள்ளை அரியணைக்குச் செல்லாது, நாடு கம்பெனிக்கு. பள்ளியில் ‘அவகாசியிலிக் கொள்கை’ என்று நாக்கு சுளுக்கப் படித்தோமே, அதுதான்.

1860 டிசம்பரில் 48 வயதில் ஜேம்ஸ் இறந்தார். இரண்டு மகள்கள், மகன் இல்லை. மார்க்வெஸ் பட்டம் பதினோரு வருடத்தில் காலி. மீம் இதோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் பழைய எர்ல் பட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா மகன் ஃபாக்ஸ் மோலுக்குப் போனது. கிரிமியப் போர்க் காலத்தில் போர் மந்திரியாக இருந்தவர் அவர். 1874 இல் அவரும் பிள்ளையில்லாமல் போக, இன்னொரு சித்தப்பாவின் மகன் வந்தார். இன்றும் டல்ஹவுசி எர்ல் என்று ஒருவர் இருக்கிறார். அப்புறம் சொத்து? ஜேம்ஸின் அம்மா வழியில் வந்தது கோல்ஸ்டன் எஸ்டேட். அம்மாவே பெண் வாரிசாகத்தான் அதைக் கொண்டுவந்திருந்தார். அது மூத்த மகள் சூசனுக்குச் சேர்ந்தது. பட்டம்தான் பெண்ணுக்குக் கிடையாது, நிலம் உண்டு.

தஞ்சாவூரில் என்ன நடந்தது? 1855 இல் தஞ்சை மராட்டிய ராஜா இரண்டாம் சிவாஜி இறந்தார். மகன் இல்லை, மகள்கள் இருந்தார்கள், அவர்கள் கணக்கில் சேரவில்லை. சரி, பட்டத்துக்குப் பெண் வரக்கூடாது என்பது வெள்ளைக்காரர்கள் ஊரிலும் உள்ள வழக்கம் என்றே வைத்துக்கொள்வோம். (நாட்டை ஆண்டுகொண்டிருந்தது விக்டோரியா மகாராணி என்பது வேறு விஷயம்.) ஆனால் அரண்மனையில் இருந்த சொந்தச் சொத்துக்கும் அல்லவா சீல் வைத்தார்கள்! மூத்த ராணி காமாட்சி பாய் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1859 இல் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அதைத் திருப்பிப் போட்டது: இது அரசின் செயல், நியாயமோ அநியாயமோ நீதிமன்றம் கேட்க முடியாதாம். சொந்தச் சொத்து ராணிகள் கைக்குத் திரும்ப 1862 ஆனது, அதுவும் அரசு மனசு வைத்ததால். டல்ஹவுசி வீட்டில் வாரிசு இல்லையென்றால் ஒரு பட்டம் போகும். நம் வீட்டில் இல்லையென்றால் நகைப்பெட்டியும் போகும். இதை எப்படிக் கர்மா சமன் செய்துவிட்டது என்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த சூசன் பிற்பாடு சென்னைக்கே வந்தார். கணவர் ராபர்ட் பூர்க் 1886 இல் சென்னை கவர்னர். மறு வருடம் அவருக்கும் ஒரு பிரபு பட்டம் கிடைத்தது. 1890 இல் சூசன் அவரை விவாகரத்து செய்தார். 1902 இல் அவர் பிள்ளையில்லாமல் இறக்க, அந்தப் பட்டமும் அதோடு சரி. பட்டத்தின் பெயர் கன்னிமாரா. ஆமாம், எழும்பூர் நூலகம்தான். சின்ன வயதில் அது ஏதோ கன்னிமார் சாமி பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.