காலைப் பார்ப்பவரும் மருத்துவர்தான்

சனிக்கிழமை பொங்கல் விழாவில் பாத மருத்துவர்களான எங்களைக் கிண்டல் செய்தது உங்களில் பலருக்குத் தெரியும், முழுவதையும் திரும்பச் சொல்லவில்லை. "நகம் வெட்டுறவங்களும் டாக்டர்னு போட்டுக்கறாங்க" என்று மைக்கில் சொன்ன அண்ணனுக்கும், அதற்குச் சிரித்தவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

நான் அமெரிக்காவில் போடியாட்ரிஸ்ட், அதாவது பாத மருத்துவர். இளங்கலை முடித்து, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதி, நான்கு வருடம் பாத மருத்துவக் கல்லூரி, அப்புறம் மூன்று வருடம் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி. எம்.டி. (இங்கே பொதுவான மருத்துவப் பட்டம்) படித்தவர்களுக்குள்ள முழு உரிமம் எங்களுக்கும் வேண்டும் என்கிறோம், ஆனால் நாங்கள் குறுக்கு வழி கேட்கவில்லை. எம்.டி. மாணவர்கள் எழுதும் அதே யு.எஸ்.எம்.எல்.இ. என்னும் மருத்துவ உரிமத் தேர்வை எங்களையும் எழுத விடுங்கள், தேறினால் அதே உரிமம் கொடுங்கள், தேறாவிட்டால் கொடுக்காதீர்கள். இதில் யாரை ஏமாற்றுகிறோம்?

"அப்படியானால் முதலிலேயே எம்.டி. படித்திருக்கலாமே" என்பீர்கள். எம்.டி. கிடைக்காமல் இங்கே வரவில்லை, இதைத் தேடி வந்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை. செருப்பு கடித்த சின்னப் புண், வலியே இல்லை என்று மஞ்சள் பூசிக்கொண்டு வேலைக்குப் போனார். வலி இல்லாததுதான் ஆபத்து என்று அவருக்குச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. முட்டிக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் ரொம்ப நாள் வாசலில் இரண்டு செருப்பையும் ஜோடியாகத்தான் வைத்திருந்தார்.

மகப்பேறு, மனநலம் எல்லாம் எங்கள் படிப்பில் குறைவு என்பார்கள். சரி, உண்மை. சேர்த்துப் படிக்கிறோம், பாடத்தைக் கூட்டுங்கள் என்றுதானே கேட்கிறோம்? எம்.டி. அல்லாமல் டி.ஓ. என்ற தனிப் பட்டம் படிக்கும் ஆஸ்டியோபதி மருத்துவர்களையும் ஒரு காலத்தில் போலிகள் என்றுதான் ஒதுக்கினார்கள். 1962-இல் கலிஃபோர்னியாவில் 65 டாலர் வாங்கிக்கொண்டு அவர்களுக்கு எம்.டி. பட்டமே கொடுத்தார்கள், இன்று 50 மாநிலங்களிலும் அவர்களுக்கு முழு உரிமம். நாங்கள் பரீட்சை எழுதுகிறோம் என்றுதான் சொல்கிறோம், பட்டத்தைச் சும்மா கேட்கவில்லை.

சட்டத்துக்கே எங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் எங்களை 'பிசிஷியன்', அதாவது மருத்துவர் என்கிறது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டிலோ பாத மருத்துவம் கட்டாயம் இல்லை, மாநிலம் விரும்பினால் கொடுக்கலாம். ராணுவ வீரர் மருத்துவமனைகளில் மற்ற மருத்துவர்களுக்குச் சமமான ஊதியத்துக்கு 2018-இல்தான் சட்டம் வந்தது. நியூயார்க்கில் 2014 வரை கணுக்காலுக்கு வைத்தியம் பார்க்கவே உரிமை இல்லை. பாதம் எங்கே முடிகிறது, கணுக்கால் எங்கே தொடங்குகிறது என்று கிருமிக்குத் தெரியுமா?

ரெசிடென்சியில் ஒரு பெரியவர் வந்தார். ஷூவுக்குள் குண்டூசி, மூன்று நாளாக அதன் மேல்தான் நடந்திருக்கிறார். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, நைலான் இழையை அது வளையும் வரை பாதத்தில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டேன். "எப்பம்மா தொடப் போறே?" என்றார். தொட்டு முடித்திருந்தேன். அன்றைக்கு அவர் கால் தப்பியது.

நகம் வெட்டுகிறேன், ஆமாம். சர்க்கரைக்காரருக்கு அந்த நகம் சதைக்குள் போனால் என்ன ஆகும் என்று என் வீட்டில் பார்த்தவள் நான். அண்ணா, உங்கள் அம்மாவுக்கும் சர்க்கரை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இன்று ராத்திரி அவர் பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கையும் விலக்கிப் பாருங்கள். ஏதாவது இருந்தால் உடனே கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் எடுப்பேன்.