மரியமின் கல்யாணமும் நம் வள்ளியம்மையும்

போன வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் தமிழ்ப் பெண்கள் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். இந்த நாட்டின் மகளிர் தினமான ஆகஸ்டு 9க்கு இந்த முறை கோலப்போட்டி வேண்டாம், முஸ்லிம் பெண்களைப் பற்றிப் பேராசிரியர் சாதியா ஷேக் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு பேசலாம் என்றேன். "அது அவங்க மார்க்க விஷயம், நமக்கெதுக்கு?" என்று ஓர் அக்கா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சாதியா ஷேக் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் சமயங்களைப் பற்றிய துறையில் பேராசிரியர். நிறவெறி ஆட்சியில் இந்த நாட்டிலேயே வளர்ந்தவர். இஸ்லாம், பெண்கள், சூஃபி ஞானம், இவைதான் அவருடைய வாழ்நாள் படிப்பு. 2012இல் இப்னு அரபியைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். இப்னு அரபி 1165இல் அந்தலூசியாவில், அதாவது இன்றைய ஸ்பெயினில், பிறந்த சூஃபி ஞானி. இளம் வயதில் செவில் நகரத்தில், தொண்ணூறு வயதைத் தாண்டிய ஃபாத்திமா என்ற மூதாட்டிக்குச் சீடராக இருந்து பணிவிடை செய்தவர். அந்தப் பாட்டி குடியிருக்க நாணலால் ஒரு குடிசையைத் தன் கையாலேயே கட்டிக்கொடுத்தார். ஆண்களுக்கும் சேர்த்து ஒரு பெண் இமாமாக நின்று தொழுகை நடத்தலாம் என்று எழுதியவரும் அவர்தான். பெண்ணுக்குச் சம இடம் கேட்பதெல்லாம் மேற்கத்திய மோகம் என்பவர்கள் எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய இந்த ஏடுகளுக்கு என்ன சொல்வார்கள்?

ஆனால் என்னை உலுக்கியது அந்த நூல் இல்லை. அதற்கு முன்னால் 2007இல் வந்த ஒரு கட்டுரை. கேப் டவுனில் கணவனிடம் அடிபட்ட முஸ்லிம் பெண்களிடம் போய் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியது. மனைவியை அடிக்கலாம் என்று பொருள் சொல்லப்படும் குர்ஆனின் 4:34 வசனத்தைச் சொல்லித்தான் பலர் அந்த அடியை நியாயப்படுத்துகிறார்கள். தஃப்சீர் என்றால் வசனத்துக்கு விளக்கம். அரபி படித்த ஆலிம்களின் வேலை அது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இவரோ, அடிபட்டும் இறைவன் நீதியுள்ளவன் என்ற நம்பிக்கையை விடாத பெண், தன் வாழ்க்கையிலிருந்து அந்த வசனத்தைப் புரிந்துகொள்கிறாளே, அதுவும் தஃப்சீர்தான் என்றார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் வீடுகளிலும் "பொறுத்துப் போம்மா" என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. நீ என்ன புரிந்துகொண்டாய் என்று அவளிடம் கேட்க யார் இருக்கிறார்கள்?

எங்கள் தெருவில் ஒரு நாகூர் அக்கா இருக்கிறார். 1995இல் நிக்காஹ் முடிந்து இங்கே வந்தவர். 2009இல் தலாக். பதினான்கு வருஷம் சமோசா போட்டு விற்று, அதில் வந்த காசில் ஒவ்வொரு அறையாகக் கட்டிய வீடு கணவர் பெயரில் இருந்தது. கையில் கிடைத்தது இத்தா, அதாவது தலாக்குக்குப் பிறகு பெண் காத்திருக்க வேண்டிய காலம், முடியும்வரை மூன்று மாதச் செலவுப் பணம். ஓர் அலுவலகத்தில் நிக்காஹ் தாளை நீட்டியபோது, கவுன்ட்டரில் இருந்தவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது மதத்துத் தாள், சட்டப்படி உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லிவிட்டாராம். அந்தத் தாளை இன்னும் ஒரு பிஸ்கட் டின்னில், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளோடு வைத்திருக்கிறார்.

28.6.2022 அன்றுதான் அரசியலமைப்பு நீதிமன்றம், முஸ்லிம் திருமணங்களை ஏற்காத திருமணச் சட்டமும் விவாகரத்துச் சட்டமும் அந்த அளவில் செல்லாது என்றது. பெண்கள் சட்ட மையம் பல வருஷம் விடாமல் நடத்திய வழக்கு அது. 2024இல் விவாகரத்துச் சட்டமும் திருத்தப்பட்டது. சந்தோஷம்தான். ஆனால் தீர்ப்பு 2014 டிசம்பர் 15 என்று ஒரு கோடு போட்டது. அதற்கு முன்பே தலாக் ஆகி, வழக்கும் போடாத எங்கள் அக்கா அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். நமக்கெதுக்கு?

1913 மார்ச் 14 அன்று கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்தியாவிலிருந்து கணவரிடம் வந்த மரியம் என்ற பெண்ணின் நிக்காஹ் செல்லாது, அவர் இங்கே இறங்க முடியாது என்று. அந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் கல்யாணம் செல்லாது என்றால் கோயிலில் தாலி கட்டியவர்களின் கல்யாணமும் செல்லாது என்பது அன்றைக்கு நம் பாட்டிகளுக்குப் புரிந்தது. ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலிகள் மேல் இருந்த மூன்று பவுன் வரியும் அந்த வருஷம் காந்தி நடத்திய சத்தியாகிரகப் போராட்டத்துக்குக் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெண்கள் தெருவில் இறங்கியது இந்தத் தீர்ப்புக்குப் பிறகு. காந்தியோடு போராடிய தம்பி நாயுடுவின் மனைவியும் மற்றத் தமிழ்ப் பெண்களும் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து எல்லை தாண்டி நேட்டாலில் இருக்கும் நியூகாசிலுக்குப் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளை வேலைநிறுத்தத்துக்கு அழைத்துச் சிறைக்குப் போனார்கள். பதினாறு வயது வள்ளியம்மை சிறையில் காய்ச்சலோடு கிடந்து, வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனாள். வருஷா வருஷம் அவள் படத்துக்கு மாலை போடுகிறோம். மரியமின் பெயரை நம் மேடைகளில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

கேள்வி கேட்ட அந்த அக்காவுக்கு இதையெல்லாம் நேரிலும் சொல்லப் போகிறேன். ஆகஸ்டு கூட்டத்தில் பேச நாகூர் அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன். முதலில் தயங்கினார். அப்புறம், அந்தத் தாளைக் கொண்டு வரவா என்று கேட்டார். கொண்டு வாங்கக்கா என்றேன்.