மணி அடித்த பிறகு

போன கிழமை அக்காவின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரின் ஏழு சீசனையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்துவிட்டானாம். "அப்ப எட்டாவது?" என்று கேட்டேன். "அதைப் பார்க்கக் கூடாதாம் மாமா, எல்லாரும் சொல்லுகினம்" என்றான். பார்க்காமலே வெறுக்கிற அளவுக்கு அதன் பெயர் கெட்டுப் போயிருக்கிறது. அன்றைக்கு அவனிடம் சொல்ல வந்து பாதியில் விட்டதை இங்கே எழுதுகிறேன். முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இத்தோடு எழும்பிப் போகலாம்.

அந்தக் கடைசிச் சீசனைத் திட்டியவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. முதல் ஆறு சீசனுக்கும் தலா 10 எபிசோட். ஏழாவதுக்கு 7, எட்டாவதுக்கு 6. ஒருகாலத்தில் வழிநெடுகக் கதைத்துக் கதைத்துப் பயணம் போனவர்கள், கடைசியில் வெள்ளவத்தையில் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்குகிற மாதிரிக் கண்டம் விட்டுக் கண்டம் இறங்கினார்கள். மூன்றாவது எபிசோட் 82 நிமிடம், முக்கால்வாசி இருட்டு. கனபேருக்குத் தங்கள் ரீவியைச் சரியாகச் செட் பண்ணத் தெரியவில்லை என்றார் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர். நாங்கள் யன்னல் திரைச்சீலைக்கு மேல் படுக்கை விரிப்பையும் தொங்கவிட்டுப் பார்த்தோம், அப்போதும் யார் செத்தார்கள் என்று தெரியவில்லை. நாலாவதில் மேசையில் மறந்துபோய் விட்ட கோப்பிக் கப். திரும்ப எடுக்கச் சொல்லி 10 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்து வைத்தார்கள். விமர்சனங்களைத் தொகுக்கிற ரொட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்கள் கொடுத்தது 55 வீதம். அப்புறம் அதே வருடம் சிறந்த நாடகத் தொடர் உட்பட 12 எம்மி விருதுகள். அது எப்படி என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

ஆனால் ஒரு குற்றச்சாட்டு மட்டும் என் காதில் ஏறவேயில்லை. ஐந்தாவது எபிசோட். தலைநகரம் சரணடைந்து மணி அடிக்கிறது, சிம்மாசனத்தைப் பிடிக்க வந்த டெனேரிஸ் வென்றுவிட்டாள், அதற்குப் பிறகும் தன் ட்ராகனான ட்ரோகனை ஏவித் தெருத்தெருவாக எரிக்கிறாள். "வென்ற பிறகு ஏன் எரிக்க வேண்டும்? நம்பவே முடியவில்லை" என்று உலகம் முழுக்கக் கத்தினார்கள்.

நாங்கள் எந்த நாட்களில் இதைப் பார்த்தோம் என்று யோசித்துப் பாருங்கள். 2019. முதல் எபிசோட் இங்கே இலங்கையில் வந்தது சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் காலை. இரண்டாவது ஏப்ரல் 22 காலை, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கு மறுநாள். முகநூல், வாட்ஸ்அப் எல்லாம் முடக்கம். அன்றைக்கு நாடகம் பார்க்கிற மனம் யாருக்கு இருந்தது? சில நாள் கழித்து ஊரடங்கு இரவொன்றில் கீழ் வீட்டுத் தம்பி பென்டிரைவைக் கொண்டுவந்து தந்தான். (எங்கிருந்து எடுத்தான் என்று நாங்கள் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம்.) விடிந்தால் சாவு என்று தெரிந்த ஆட்கள் நெருப்பைச் சுற்றி இருந்து குடிக்கிறார்கள், ஒருவன் பாடுகிறான், அவ்வளவுதான் அந்த எபிசோட். ஒன்றுமே நடக்கவில்லை என்று அதையும் குறை சொன்னவர்கள் உண்டு. அந்தச் சீசனிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

நகரம் எரிகிற எபிசோட் வந்தது மே 13 காலை. அன்றைக்கு வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இரவு நாடு முழுக்க ஊரடங்கு.

அம்மாவுக்கு இந்தத் தொடரில் தலையும் தெரியாது வாலும் தெரியாது. நான் பார்க்கும்போது பக்கத்தில் இருந்து மரக்கறி வெட்டுவா. 83 கலவரத்தில் கொழும்பில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்து, சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போன ஆள். அந்தக் காட்சியில் நான் "சே, மணி அடிச்சிட்டாங்களே, பிறகேன்?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கத்தியை நிறுத்தாமலே சொன்னா: "வெண்ட ஆக்கள்தானே எரிப்பினம். தோத்தவனிட்ட நெருப்புக்கு எங்க போறது?"

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை.

யோசித்தால் அறிகுறி இல்லாமலும் இல்லை. நாலாவது சீசனில் அவள் 163 அடிமை எசமானர்களைச் சிலுவையில் அறைந்தாள். ஏழாவதில் மண்டியிட மறுத்த அப்பனையும் மகனையும் எரித்தாள். எரிந்தவர்கள் நமக்குப் பிடிக்காதவர்கள் என்பதால் நாமெல்லாம் கைதட்டினோம். இன்னும் நாலு எபிசோட் கொடுத்திருந்தால் அவளுடைய தனிமையை நன்றாகக் காட்டியிருக்கலாம், அது உண்மை. ஆனால் எரிக்கத் தொடங்கிய பிறகு அந்த எபிசோடில் அவள் முகத்தைக் காட்டவேயில்லை, கவனித்தீர்களா? கீழே ஓடுகிறவர்களுக்கு மேலே இருப்பவளின் முகம் தெரியாது. அது அவசரம் இல்லை, யோசித்துச் செய்த வேலை.

என் கோபம் கடைசி எபிசோடில். சாம்பல் விழுகிறது, அவளுடைய காதலன் ஜோன் அவளைக் குத்துகிறான், சிம்மாசனம் உருகுகிறது. பிறகு சில கிழமைகளை ஒரே வெட்டில் தாண்டி, பிரபுக்கள் கூடி அரசனைத் தெரிவு செய்கிறார்கள். அரசனைத் தெரிவு செய்ய மக்களையும் கேட்போமே என்று ஜோனின் நண்பன் சாம் சொல்ல, எல்லோரும் சிரிக்கிறார்கள். புது மந்திரிசபை கூடினால், முன்பு கூலிக்குச் சண்டை போட்ட பிரோனுக்கு முதல் கவலை விபசார விடுதிகளைத் திரும்பக் கட்டுவது. எரிந்த நகரத்தின் நடுவில் இருந்துகொண்டு பகிடி! அந்த ஓடிய தாய்களில் பிழைத்தவள் எங்கே போனாள், முகாம் இருந்ததா, வீட்டைத் தேடி யாராவது திரும்பி வந்தார்களா, ஒன்றுமில்லை. அம்மா அன்றைக்கும் பக்கத்தில் இருந்தா. "அந்தச் சனமெல்லாம் எங்க?" என்று கேட்டா. என்னிடம் பதில் இல்லை.

டெனேரிஸ் கெட்டதை நம்ப முடியவில்லை என்று மனு எழுதிய இத்தனை இலட்சம் பேரில், இதைக் கேட்டவர்கள் எத்தனை பேரோ.

மருமகன் ஒருவழியாக எட்டாவதைத் தொடங்கிவிட்டான். நேற்று இரவு மூன்றாவது எபிசோடில் இருந்து மெசேஜ் போட்டான், ஒன்றும் தெரியவில்லையாம். படுக்கை விரிப்பைத் தொங்கவிடச் சொன்னேன்.